ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிருமா?

குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் தெளியும் என்பது நம் பக்கத்தில் பாட்டன் காலத்து நம்பிக்கை. மனம் பேதலித்தவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து அருவியில் நிறுத்துவதும், சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னிதி முன்னுள்ள ஸ்ரீசக்கர பீடத்தில் உட்காரவைப்பதும், பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு நேர்ந்துகொண்டு போவதும் இன்றும் நடக்கிறது. இவற்றைக் கேலி செய்ய இந்த நூலுக்கு விருப்பமில்லை. வீட்டார் அவரைத் தனியே விடாமல் கூடவே அலைகிறார்களே, அதுவே பெரிய காரியம்.

ஆனால், பித்தம் என்று யாரும் பெயர் வைக்காத ஆட்கள் இருக்கிறார்கள். கடை நடத்துகிறார்கள், பீடி சுற்றுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறார்கள், கொடைக்கு வரி கொடுக்கிறார்கள். ஏழு வயதிலோ பத்து வயதிலோ நடந்த ஏதோ ஒன்று மட்டும் அவர்களுக்குள் இன்னும் முடியவில்லை. இந்த அத்தியாயம் அவர்களுக்கு.

சுரண்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், இருந்தாலும் இப்படி ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடிக்க மாட்டார், கணக்கில் கறார். மகன் தண்ணீர்த் தம்ளரைத் தட்டிவிட்டால் மட்டும் அவருக்கு உடம்பு தூக்கிவாரிப் போடும். அடுத்த நொடி கை ஓங்கிவிடும். "ஏங்க, ஒரு தம்ளர் விழுந்ததுக்கா இந்தப் பாடு?" என்று மனைவி கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அவருடைய அப்பா குடித்துவிட்டு வந்த இரவுகளில் முதலில் பாத்திரம் விழும், பிறகு அடி விழும். முப்பது வருஷம் ஆகிவிட்டது. அப்பா செத்தும் போனார். பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் அடி வரப்போகிறது என்றுதான் உடம்பு இன்னும் நினைக்கிறது.

இதற்கு மூளையில் காரணம் இருக்கிறது. அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தை மோப்பம் பிடிக்கும். யோசிக்கிற பகுதிக்குச் செய்தி போய்ச்சேரும் முன்பே அது நெஞ்சைப் படபடக்கவைத்து, தசையை இறுக்கிவிடும். நடந்தது எங்கே, எப்போது என்று குறித்துவைக்கும் வேலை பக்கத்திலுள்ள ஹிப்போகேம்பஸுக்கு. தாங்க முடியாத பயத்தில் அந்தக் குறிப்பு ஒழுங்காகப் பதிவதில்லை. அதனால் பழைய சம்பவம் நினைவாக வராமல், இப்போதுதான் நடப்பதுபோல உடம்பில் வருகிறது. வளரும் வயதில் நாள்தோறும் இதே கதை என்றால், கார்டிசால் முதலிய சுரப்புகளின் ஓட்டமே மாறி, எந்நேரமும் விழிப்பாக இருப்பதே உடம்புக்கு வழக்கமாகிவிடும். "அவன் சுபாவமே அப்படி" என்று ஊர் சொல்வதற்குப் பின்னால் சில நேரம் இந்த வழக்கம் இருக்கிறது.

எண்ணிக்கையும் அதில் விடுபட்டதும்

1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனத்தில் உடல் எடை குறைப்புச் சிகிச்சை நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவருக்கு ஒரு புதிர். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். கூப்பிட்டு விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பருத்த உடம்பு சிலருக்கு ஆண்களின் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்திருக்கிறது. பிறகு ராபர்ட் ஆண்டா என்பவரோடு சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் அவர் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார். வீட்டில் அடி விழுந்ததா, ஏச்சு விழுந்ததா, யாராவது தவறாகத் தொட்டார்களா, அம்மா அடிபட்டதைப் பார்த்தீர்களா, வீட்டில் குடிநோயாளி உண்டா, மனநோயாளி உண்டா, யாராவது சிறைக்குப் போனார்களா என்ற மாதிரிக் கேள்விகள். ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு ஏதாவது ஒன்று இருந்தது. 1998இல் வந்த முதல் கட்டுரையின்படி, நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவும் இல்லாதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு. இருதய நோயும் நுரையீரல் நோயும்கூடக் கூடுதல்.

உங்களுக்கு எத்தனை என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். எண்ணுங்கள், ஆனால் பயப்படாதீர்கள். அந்தக் கணக்கு ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றியது. தனி ஒருவரின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று அது சொல்லாது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை என்று மிகவும் கஷ்டப்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் தெம்பான, அன்பான பெரியவர்களாகவே வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்கு நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது கிடைத்திருந்தார். நம் ஊர்க் கணக்கில் ஒரு ஆச்சி, ஒரு சித்தி, அல்லது ஒரு டீச்சர்.

ஃபெலிட்டியின் பட்டியல் வீட்டுக்குள் நடப்பதோடு நின்றுவிடுகிறது. நமக்கு அது போதாது. 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்கப் போன பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு வந்திருக்கிறது, இனிமேல் தர முடியாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பிய காட்சி நாடெங்கும் பரவியது. கைது நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் தடையும் போட்டது. ஆனால் கையில் காசோடு நின்ற அந்தப் பிள்ளைகளின் குழப்பத்துக்கு ஃபெலிட்டியின் கேள்வித்தாளில் கட்டம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் பின்னர் தயாரித்த கேள்வித்தாளில் சக பிள்ளைகளின் கொடுமையும் ஊர்க் கலவரமும் சேர்க்கப்பட்டன. உங்கள் பட்டியலில் இவற்றையும் எழுதுங்கள். பத்து வயதில் பள்ளியை நிறுத்திப் பீடித் தட்டைக் கொடுத்தது, விடுதியில் மூத்தவன் செய்தது, பெயருக்குப் பதில் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டது எல்லாம் கணக்கில் வரும். "யாரும் கைநீட்டி அடிக்கலையே" என்று தள்ளிவிட வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றிய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. ஆனாலும் முடிவுகள் நமக்கும் பாடம். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்கள் ஆண் பிள்ளைகள். நம் ஊரில் இதை வெளியே சொன்ன ஆணை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?

பெரியவர்களிடம் எப்படித் தெரியும்

நம் தென்காசி மாவட்டத்தில் இது பெரும்பாலும் உடம்பு வலியாகத்தான் டாக்டரிடம் வந்துசேரும். "மேலெல்லாம் வலிக்கு, நெஞ்சு அடைக்கு, தூக்கமே இல்ல" என்று ஒரு பெண் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவார். ஈசிஜி சரி, ஸ்கேன் சரி, தைராய்டும் சரி. ஒரு சத்து ஊசி போட்டு அனுப்புவார்கள். அடுத்த மாதம் அதே வலி. அவர் நடிக்கவில்லை. வலி உண்மை, அது தொடங்கிய இடம் ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான். (முதலில் உடம்பைச் சோதித்துப் பார்ப்பது சரியான வழிதான். எல்லா வலியையும் மனசின் தலையில் கட்டுவதும் தப்பு.)

வேறு சிலருக்கு நெருங்கிய உறவில்தான் சிக்கல் வரும். கணவர் போனை எடுக்கத் தாமதமானால் விட்டுப் போய்விட்டார் என்று உயிர் துடிக்கும். அல்லது யார் நெருங்கி வந்தாலும் மூச்சு முட்டும். இன்னும் சிலர் எதற்கும் அழ மாட்டார்கள், சாவு வீட்டில்கூட. "கல்லு மனசு" என்பார்கள். எல்லாக் குற்றத்தையும் தன் தலையில் போட்டுக்கொள்வது, மெலிதான அதட்டலுக்கும் கைகால் மரத்துப்போவது, இரவானால் குடிக்காமல் படுக்க முடியாதது என்று இன்னும் பல முகங்கள் உண்டு. இதில் ஒன்று இருந்தாலே சிறுவயதுக் காயம் என்று முடிவுகட்ட வேண்டாம். அதைப் பேசிப் பார்த்துக் கண்டறிவது மருத்துவரின் வேலை.

ஒரே ஒரு நாளில் நடந்த அதிர்ச்சிக்கும், ஆண்டுக்கணக்கில் நடந்ததற்கும் வேறுபாடு உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டான். அங்கே நின்று அதைப் பார்த்த பிள்ளைக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே நடுக்கம் வரலாம். ஆனால் அதற்கு முன்பு உலகம் அந்தப் பிள்ளைக்குப் பத்திரமான இடமாக இருந்தது. திரும்பிப் போக ஒரு 'முன்பு' உண்டு. தினமும் அடி வாங்கி வளர்ந்தவருக்கு அந்த 'முன்பு' கிடையாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதை உணர்ந்து, நீடித்த துன்பத்தின் பின்விளைவைத் தனி நோயாகவே பிரித்திருக்கிறது. பயம், கெட்ட கனவு இவற்றோடு கோபத்தையோ துக்கத்தையோ அடக்க முடியாமை, தான் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற எண்ணம், உறவுகளில் ஒட்டமுடியாமை மூன்றும் சேர்ந்தது அது.

நம் சினிமா இந்த விஷயத்தில் பெரிய கெடுதல் செய்திருக்கிறது. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) இரண்டும் நல்ல படங்கள்தான். ஆனால் இரண்டிலும் சிறுவயதில் காயப்பட்டவன் பெண்களைக் கொல்கிறவனாக வருகிறான். நிஜத்தில் காயப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் கொல்வதில்லை. தங்களைத்தான் வதைத்துக்கொள்கிறார்கள்.

ஒரே நாளில் கொட்டித் தீர்க்க வேண்டாம்

"மனசுல இருக்கதக் கொட்டிரு, சரியாப் போகும்" என்பார்கள் சிலர். "சவத்த விடு, பழங்கதையப் போயி கிண்டிக்கிட்டு" என்பார்கள் வேறு சிலர். இரண்டு யோசனையும் உதவாது. பேசாமலே இருந்தால் புண் ஆறாது. தயாராகும் முன்பே எல்லாவற்றையும் பேசினால் பலருக்கு நிலைமை மோசமாகும்.

குற்றாலப் பேரருவியில் தண்ணீர் அளவாக விழும்போது குளிக்க விடுவார்கள். பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸ் தடை போடும். அருவி அதே அருவிதான், உடம்பு தாங்குமா என்பதுதான் கேள்வி. நல்ல சிகிச்சையாளர் இந்த வளைவின் மேல் கண் வைத்திருப்பார். நினைவு அளவோடு வரும்போது மட்டும் பேச விடுவார். நீங்கள் நடுங்கத் தொடங்கினாலோ, மரத்துப்போனாலோ நிறுத்தி, இந்த அறைக்கு, இந்த நேரத்துக்கு உங்களைத் திருப்பிக் கொண்டுவருவார். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992இல் எழுதிய நூலில் சிகிச்சையை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதலில் பாதுகாப்பு. அடுத்து நினைவுகூர்ந்து துக்கப்படுவது. கடைசியில் மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மறுபடி சேர்வது. நம் ஊரில் பெரும்பாலும் தவறவிடுவது முதல் கட்டத்தை. அடிக்கிற புருஷனோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணிடம், பத்து வயதில் என்ன நடந்தது என்று தோண்டுவது சிகிச்சை ஆகாது. அவருக்கு முதல் தேவை 181 என்ற பெண்கள் உதவி எண்.

முதல் கட்டத்தில் கற்றுத்தருவதை இன்றே நீங்கள் பழகலாம். பதற்றம் ஏறும்போது இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இது தென்காசி பஸ் ஸ்டாண்டு. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. எனக்கு நாப்பது வயசு. அவரு இங்க இல்ல." சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் ஹிப்போகேம்பஸ் அன்று குறிக்காமல் விட்ட தேதியை இப்போது நீங்கள் குறிக்கிறீர்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவதும் பலருக்கு உதவும். அருவிக் குளியல் மனசை லேசாக்குவதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பதற்றத்தை இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது. புண்ணை ஆற்றுவது அடுத்த கட்டம்.

அந்த அடுத்த கட்டத்துக்கு ஆய்வுகளின் ஆதரவு உள்ள முறைகள் சில. காயத்தை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லவைத்து, அதோடு ஒட்டிக்கொண்ட "தப்பு என்மேல்தான்" போன்ற முடிவுகளைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஃபிரான்சின் ஷாப்பிரோ 1980களின் இறுதியில் உருவாக்கிய இ.எம்.டி.ஆர். முறையில், நினைவை மனதில் வைத்துக்கொண்டே சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். பார்க்க மந்திரிப்பதுபோல இருக்கும். ஆனால் 2013இல் உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் பரிந்துரைத்தது. வாரத்துக்கு ஒன்றாக 8 முதல் 12 அமர்வுகள் என்பது ஒற்றைச் சம்பவத்துக்கான பொதுக் கணக்கு. ஆண்டுக்கணக்கில் பட்டவர்களுக்குக் கூடுதலாகும். நடுவில் சில வாரம் முன்பைவிட மோசமாக உணர்வீர்கள். அப்போது பலர் நின்றுவிடுகிறார்கள். நிற்காமல், அதையே சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சிலருக்குப் பேச்சுச் சிகிச்சையைத் தாங்கும் தெம்பைத் தரும். டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிப் பழகுவது வேறு விஷயம்: பதற்றத்தை அப்போதைக்கு அமுக்கும், சிறுவயதுக் காயத்துக்கு மருந்தாகாது, பழக்கமாகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

எங்கே போவது, என்ன கேட்பது

தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். அங்கே முடியாததற்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதாவது நாம் சொல்லும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. செங்கோட்டை–திருநெல்வேலி ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற கூச்சம் இருப்பவர்களுக்கு இந்தத் தூரமே ஒரு வசதி. அரசு மருத்துவமனையில் செலவு இல்லை. கூட்டம் உண்டு, டாக்டருக்கு உங்களுக்காகக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் சொல்ல வேண்டியதை நாலு வரியில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "சின்ன வயசுல நடந்த ஒண்ணு இன்னும் என்னைத் தூங்கவிடல. விவரம் இப்போ சொல்ல முடியல. இதுக்குப் பேச்சுச் சிகிச்சை தர்றவங்க யாரு?" இவ்வளவு போதும். முதல் நாளே முழுக்கதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

தனியாரிடம் போனால் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். 'கவுன்சலிங்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டும். சிறுவயதுக் காயத்துக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறார், ஒரு அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வு என்றும் கேளுங்கள். "மன்னிச்சு மறந்துருங்க, பெத்தவங்கதானே" என்று முதல் நாளே உபதேசம் செய்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் விருப்பம். குணமாவதற்கு அது நிபந்தனை இல்லை.

நேரில் போக முடியாதவர்களுக்கு டெலிமானஸ், எண் 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசு சேவை. இலவசம், நாள் முழுதும், தமிழில். வீட்டில் நாலு காது இருக்கிறது என்றால் மொட்டை மாடிக்கோ தோட்டத்துக்கோ போய்ப் பேசுங்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். தற்கொலைக்கு முயன்றவர்மேல் கேஸ் வரும் என்ற பழைய பயத்தையும் அதே சட்டம் பெருமளவு போக்கிவிட்டது. கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அவரைக் கருத வேண்டும் என்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் இப்போது 18 வயதுக்குக் கீழ் என்றால் நிலைமை வேறு. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும், சிகிச்சையாளர் உட்பட. குழந்தைகள் உதவி எண் 1098.

வளர்ந்த பிறகு புகார் கொடுக்கலாமா? சென்னையில் வளர்ந்து கனடாவில் விஞ்ஞானியாக இருக்கும் பூர்ணிமா கோவிந்தராஜுலு, சிறுவயதில் உறவினர் ஒருவரால் தனக்கு நேர்ந்ததைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு புகாராகக் கொடுக்க முயன்றார்; முடியவில்லை. அவர் விடாமல் குரல் கொடுத்தார். 2018இல், குழந்தைகள்மீதான பாலியல் குற்றத்தைப் புகார் செய்யக் காலவரம்பு இல்லை என்று ஒன்றிய சட்ட அமைச்சகம் தெளிவுபடுத்தியது. 2012 நவம்பர் 14க்கு முன்பு நடந்தவற்றுக்குப் போக்சோ பொருந்தாது, அன்றைய தண்டனைச் சட்டமே பொருந்தும், வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்கறிஞர் இலவசமாகவே கிடைப்பார். புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவைச் சிகிச்சையோடு முடிச்சுப் போட வேண்டாம். கொடுக்காமலும் குணமாகலாம்.

கடைசியாக, இந்த அத்தியாயத்தைப் படிக்கையில் பழையது கிளறிவிட்டதென்றால் இங்கேயே மூடிவையுங்கள். அடுத்ததை நாளைக்குப் படிக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து டப்பாவை இப்போதே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தனியே இருக்காமல் 14416க்கோ, சென்னை சிநேகாவின் 044-24640050க்கோ கூப்பிடுங்கள்.